வைமார்: பஷ்கீர்கள் தொழுத ஊரும் பக்கத்து மலையும்

சென்னையில் ஜெர்மன் மொழி படிக்கும் நம் பிள்ளைகளிடம் 'கோதே' என்று சொல்லிப் பாருங்கள். "ஏ1 பரீட்சையா, பி1 பரீட்சையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி போக நினைக்கும் பலருக்கு அது ஒரு சான்றிதழின் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் ஜெர்மன் இலக்கியத்தின் மிகப் பெரிய கவிஞர். அவர் 1775இல் வந்து, 1832இல் இறக்கும்வரை வாழ்ந்த ஊர் வைமார். பிள்ளைகளைப் பார்க்க ஜெர்மனி போகும் பெற்றோரும், விடுமுறைக்கு ஊர் சுற்றும் குடும்பங்களும் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய ஊர் இது. முஸ்லிம்களாகிய நமக்கு அங்கே தனியாகச் சில விஷயங்கள் காத்திருக்கின்றன.

முதலில் வழி. ஃபிராங்ஃபர்ட்டிலிருந்தோ பெர்லினிலிருந்தோ அதிவேக ரயிலில் எர்ஃபர்ட் வரை வந்துவிட்டால், அங்கிருந்து கால் மணி நேரப் பயணம்தான். மக்கள் தொகை சுமார் 65,000. இல்ம் என்றொரு சின்ன ஆறு, அதன் கரையில் பெரிய பூங்கா, கல் பாவிய தெருக்கள். பழைய ஊரை நடந்தே சுற்றிவிடலாம். பாட்டிமார்களுக்குச் செருப்பு மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். அந்தக் கல் தெருக்கள் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை பெரியவர்கள் எப்படி என்று நமக்கு வியப்பாக இருக்கும். இசை மேதை பாக் 1708 முதல் 1717 வரை இங்கே அரண்மனையில் வேலை பார்த்தார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்து, "என்னை அனுப்பிவிடுங்கள்" என்று விடாப்பிடியாகக் கேட்டதற்கு, கோமகன் அவரைச் சுமார் நான்கு வாரம் சிறையில் போட்டுவிட்டுத்தான் அனுப்பினார். முதலாளி ரிலீஸ் தராமல் இழுத்தடித்த கதைகளை வளைகுடாவில் நிறையக் கேட்டிருக்கிறோம். பாக்கின் கதை அதற்கெல்லாம் மூத்தது.

தேசிய நாடக அரங்கின் வாசலில் கோதேயும் அவருடைய நண்பர் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. 1857இல் வைத்தது. நிஜத்தில் ஷில்லர் நல்ல உயரம், கோதே அவரைவிடக் குள்ளம். சிற்பி இருவரையும் ஒரே உயரமாக்கிவிட்டார். ஷில்லரின் கதை அதோடு முடியவில்லை. அவருடையவை என்று நம்பி மன்னர் குடும்பத்து அடக்க மண்டபத்தில் வைத்திருந்த எலும்புகள் அவருடையவை அல்ல என்று 2008இல் மரபணுச் சோதனை சொல்லிவிட்டது. இன்று கோதேயின் பெட்டிக்குப் பக்கத்தில் ஷில்லரின் பெட்டி காலியாக இருக்கிறது.

இனி நமக்குரிய பகுதிக்கு வருவோம். ஹெர்டர் சதுக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் உண்டு. 1813 அக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றபின், ரஷ்யப் படைகள் இந்தப் பக்கம் வந்தன. அவற்றில் யூரல் மலைப் பகுதியைச் சேர்ந்த பஷ்கீர் குதிரை வீரர்களும் இருந்தார்கள். அவர்கள் முஸ்லிம்கள். கிறிஸ்தவப் பள்ளிக்கூடமான அதன் மண்டபத்தில் அவர்கள் தொழுதார்கள், குர்ஆன் ஓதினார்கள். கோதே அங்கே போய் அதைப் பார்த்தார். அவர்களுடைய முல்லாவையும் கண்டார். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி நடக்கும் என்று யார்தான் சொல்லியிருப்பார்கள் என்று 1814 ஜனவரியில் நண்பருக்கு வியந்து கடிதம் எழுதினார். பஷ்கீர்கள் அவருக்கு வில்லும் அம்பும் பரிசளித்தார்கள். ஊர்ப் பெண்மணிகள் சிலர் நூலகத்திலிருந்து குர்ஆன் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கிப் படித்ததையும் அவர் எழுதியிருக்கிறார்.

அதற்குச் சற்று முன்புதான், ஸ்பெயினிலிருந்து திரும்பிய படைவீரர்கள் மூலமாக ஓர் அரபுக் கையெழுத்துப் பக்கம் அவருக்குக் கிடைத்திருந்தது. என்னவென்று விசாரித்தால், அது குர்ஆனின் கடைசி சூரா, சூரத்துன் நாஸ். அறுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் உட்கார்ந்து அரபு எழுத்துகளை எழுதிப் பழகினார். மதரஸாவில் அலிஃப், பே எழுதிப் பழகும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

1814இல் பாரசீகக் கவிஞர் ஹாஃபிழின் கவிதைகள் ஜெர்மன் மொழியில் அவர் கைக்கு வந்தன. குர்ஆனை மனனம் செய்தவர் என்பதால் வந்த பெயர்தான் ஹாஃபிழ். அந்தக் கவிதைகளுக்குப் பதில் சொல்வதுபோல் கோதே எழுதிய 'மேற்கு-கிழக்கு திவான்' 1819இல் வெளியானது. நூறாண்டு கழித்து, 1923இல், அல்லாமா இக்பால் அதற்குப் பதிலாகப் 'பயாமே மஷ்ரிக்' என்ற நூலை வெளியிட்டார். இந்த நட்பின் நினைவாக வைமாரில் ஒரே கருங்கல்லில் செய்த இரண்டு பெரிய நாற்காலிகள் எதிரெதிரே இருக்கின்றன, ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு. 2000ஆம் ஆண்டு ஈரான் அதிபர் காத்தமியும் ஜெர்மன் அதிபர் ராவும் திறந்துவைத்தார்கள்.

"கோதே கலிமா சொல்லி முஸ்லிமானார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அவ்வப்போது சுற்றும். அதற்கு ஆதாரம் இல்லை. இஸ்லாத்தின் மீது அவருக்கு ஆழ்ந்த மதிப்பு இருந்தது. தான் முஸ்லிமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை மறுக்கவில்லை என்று 1816இல் தன் நூலுக்கான அறிவிப்பில் எழுதவும் செய்தார். ஆனால் நபி (ஸல்) அவர்களை இழிவாகக் காட்டும் வால்டேரின் நாடகத்தைக் கோமகனின் விருப்பத்துக்காக மொழிபெயர்த்து, 1800இல் இதே ஊரில் மேடையேற்றியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் மார்க்கம் உண்மை என்பதற்கு ஒரு கவிஞரின் சிபாரிசு தேவையில்லை. அவர் தேடிப் படித்தார் என்பதே நமக்குப் பாடமாகப் போதும்.

அவர் பல ஆண்டுகள் மேற்பார்வை பார்த்த அன்னா அமாலியா நூலகத்தையும் பாருங்கள். 2004 செப்டம்பரில் ஓர் இரவு அது தீப்பற்றியது. மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அப்படியும் சுமார் 50,000 நூல்கள் எரிந்துபோயின. 2007இல் மீண்டும் திறந்தார்கள். அழகான மண்டபம், ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

பசிக்குமே! இந்தப் பகுதியின் புகழ்பெற்ற சுட்ட தொத்திறைச்சியின் வாசனை சந்தையெங்கும் வரும். அதில் இருப்பது பெரும்பாலும் பன்றி இறைச்சி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். அக்டோபரில் வெங்காயச் சந்தை நடக்கும். 1653 முதல் பதிவு உண்டு. வெங்காயத்தைப் பெண்பிள்ளைக்குச் சடை போடுவதுபோல் பூவோடு பின்னித் தொங்கவிடுவார்கள். பார்க்கலாம், வாங்கலாம். ஆனால் வெங்காயக் கேக்கில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது. சில இனிப்புக் கேக்குகளிலும் மது சேர்ப்பார்கள். துருக்கிக் கடைகளில் ஹலாலா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வயிறும் மனசும் நிறையும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழுகைக்கு ஒரு எச்சரிக்கை. கிப்லா என்றதும் நம் கால் தானாக மேற்கே திரும்பும். இங்கே தென்கிழக்கு! ஜூன் மாதத்தில் மஃரிப் இரவு ஒன்பதரையை நெருங்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்குப் பின் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். பயணத்தில் கஸ்ர், ஜம்உ பற்றிய சட்டங்களை அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

இத்தனையும் பார்த்துவிட்டு ரயிலேறினால் பாதி வைமாரைத்தான் பார்த்திருப்போம். ரயில் நிலையத்திலிருந்து 6ஆம் எண் பேருந்து எட்டர்ஸ்பெர்க் என்ற மலைக்குப் போகிறது. எட்டு கிலோமீட்டர்தான். கோதே உலவிய மலை அது. 1937இல் நாஜிகள் அங்கே ஒரு வதைமுகாம் கட்டினார்கள். முதலில் 'எட்டர்ஸ்பெர்க்' என்றே பெயர் வைக்கப் பார்த்தார்கள். நாஜிகளின் பண்பாட்டு அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. எதற்கு? முகாம் கட்டுவதற்கு அல்ல. கோதேயோடு சம்பந்தப்பட்ட பெயரை அதற்கு வைக்கக் கூடாது என்பதற்கு. அதனால் 'புஹன்வால்ட்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். 'பீச் மரக் காடு' என்று பொருள்.

1945 வரை 2,77,000க்கும் அதிகமானோர் அங்கேயும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் உயிரிழந்தார்கள். யூதர்கள், ரோமா மக்கள், அரசியல் கைதிகள் எனப் பலர். சோவியத் போர்க் கைதிகள் மட்டும் சுமார் 8,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரும்பு வாயிலில் 'அவரவர்க்கு உரியது' என்று பொருள்படும் வாசகம் இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் படிக்கும்படி. 1919இல் வைமாரில் தொடங்கிய உலகப் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளி பிறகு டெஸாவுக்கு மாறியது. அங்கே அதில் பயின்ற ஃபிரான்ஸ் ஏர்லிஹ் என்ற கைதியைக் கொண்டுதான் அந்த எழுத்துகளை வடிவமைக்க வைத்தார்கள். கைதிகள் 'கோதே மரம்' என்று அழைத்த ஓக் மரத்தின் அடிக்கட்டை இன்றும் முகாமுக்குள் இருக்கிறது.

ஊருக்குள்ளும் இந்தக் கதை உண்டு. 1919இல் ஜெர்மனியின் மக்களாட்சி அரசியல் சட்டத்தை இயற்றிய சபை கூடியது அந்த நாடக அரங்கில்தான். ஏழே ஆண்டுகளில், 1926இல், நாஜிக் கட்சி மாநாடு நடத்தியதும் அதே அரங்கில். 1945 ஏப்ரலில் முகாம் விடுவிக்கப்பட்டபின், அமெரிக்கப் படையினர் வைமார் மக்களை வரிசையாக மலைக்கு நடத்திச் சென்று, பார்க்க வைத்தார்கள்.

அனுமதி இலவசம். சிறு குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். வளர்ந்த பிள்ளைகளை அவசியம் கூட்டிப் போங்கள். படித்தவர் நிறைந்த ஊர், நூலகம் உள்ள ஊர், கவிஞருக்குச் சிலை வைத்த ஊர். பக்கத்து மலையில் இத்தனை ஆயிரம் பேர் சாகும்போது அந்தப் படிப்பு தடுக்கவில்லையே என்று அவர்களே கேட்பார்கள். ஒரு சமுதாயத்தை முதலில் இழிவாகப் பேசி, பிறகு ஒதுக்கி, பிறகு அடைத்து வைப்பது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல அந்தக் கேள்வியே நல்ல தொடக்கம். நாம் பாதிக்கப்படும்போது மட்டுமல்ல, வேறொரு சமுதாயம் பாதிக்கப்படும்போதும் வாய் திறக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

கோதே எழுதிப் பழகியது சூரத்துன் நாஸ். மனித உள்ளங்களில் போடப்படும் தீய ஊசலாட்டங்களை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் சூரா. தூங்கும் முன் நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுவது. வைமார் போய்த் திரும்பும் இரவில், அதன் பொருளையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், மறக்க மாட்டார்கள்.