மனிதரை அளப்பதா, கேட்பதா?

மார்த்தா ரோஜர்ஸ் 1954 முதல் 1975 வரை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்விப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். செவிலியம் மருத்துவத்துக்குத் துணைவேலை அல்ல, தனக்கென்று ஒரு பார்வை கொண்ட அறிவுத்துறை என்று விடாமல் வலியுறுத்தினார். 1970இல் வெளிவந்த அவருடைய நூல், மனிதரை உடல், மனம் என்று கூறுபோட முடியாத முழுமையாக, சூழலோடு ஓயாமல் கலந்து மாறிவரும் ஆற்றல் புலமாகக் கண்டது. ரத்த அழுத்தத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதற்குரிய மனிதர் அகப்படமாட்டார் என்பது இதன் சாரம்.

இதை எப்படி ஆராய்வது? அன்று அவருடைய மாணவர்களின் கைக்கு எட்டியவை பிற துறைகளின் கருவிகளே: பரிசோதனை, வினாத்தாள், புள்ளியியல். அவற்றைக் கோட்பாட்டுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். இவற்றில் நிலைத்து நின்றது எலிசபெத் பாரெட் 1983இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய அளவுகோல். தன் வாழ்வில் நேரும் மாற்றத்தில் ஒருவர் அறிந்தே பங்கேற்பதைத்தான் அவர் வல்லமை என்றார். விழிப்பு, தெரிவு, எண்ணியபடி செயல்படும் சுதந்திரம், மாற்றத்தை உருவாக்குவதில் ஈடுபாடு என அதற்கு நான்கு முகங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரான சொற்கள் இரண்டிரண்டாகத் தரப்படும். தன் நிலை எந்தச் சொல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பங்கேற்பவர் குறிப்பார். இந்த உத்தி உளவியலாளர் சார்ல்ஸ் ஆஸ்குட்டிடமிருந்து வந்தது.

ஆனால் கோட்பாட்டுக்கும் கருவிக்கும் ஓர் உரசல் இருந்துகொண்டே இருந்தது. காரணம், விளைவு என்ற சங்கிலியை ரோஜர்ஸ் ஏற்கவில்லை. பரிசோதனையோ அந்தச் சங்கிலியை நம்பித்தான் நடத்தப்படுகிறது. பிரிக்க முடியாது என்று சொல்லப்பட்ட மனிதருக்கு நான்கு கட்டங்களில் மதிப்பெண் போடுவதும் இடித்தது.

இந்த இடைவெளியை நிரப்பப் புதிய முறைகள் பிறந்தன. ரோஜர்ஸின் சிந்தனையையும் ஐரோப்பிய இருப்பியல் தத்துவத்தையும் இணைத்துத் தனிக் கோட்பாடு கண்ட ரோஸ்மேரி ரிட்சோ பார்ஸ், 1987இல் தமக்கென ஓர் ஆய்வுமுறையை முன்வைத்தார். அதில் கேள்விப் பட்டியல் கிடையாது. நம்பிக்கை, துயரம், மகிழ்ச்சி போன்ற ஓர் அனுபவத்தைப் பற்றிப் பங்கேற்பவர் தம் போக்கில் பேசுவார். ஆய்வாளர் முழுக் கவனத்தோடு உடனிருப்பார். பதிவான பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கடைசியில் கோட்பாட்டின் மொழியில் விளக்குவார்.

ரோஜர்ஸின் கோட்பாட்டுக்கு உள்ளேயே நின்று முறை வகுத்தவர்கள் ரிச்சர்ட் கௌலிங், ஹோவர்ட் புட்சர் முதலியோர். கௌலிங் மனமுறிவில் வாழும் பெண்களோடும், புட்சர் முதுமையில் ஊக்கமிழந்தவர்களோடும் பணிசெய்தார்கள். ஒருவருடைய பேச்சு, உடலின் அறிகுறிகள், நினைவுகள் என எல்லாமே முழுமையின் கோலம் வெளிப்படும் வழிகளாகக் கொள்ளப்பட்டன. அவற்றிலிருந்து எழுதிய சித்திரத்தை அந்த மனிதரிடமே திரும்பக் காட்டி, அது அவருக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது இம்முறைகளின் உயிர்நாடி. அளந்து கிடைத்த எண்ணும் இங்கே ஒதுக்கப்படுவதில்லை. பகுதியின் அளவாக அல்லாமல் முழுமையின் ஒரு தடயமாக வாசிக்கப்படுகிறது. இந்த மரபின் மிகப் பெரிய முதிர்ச்சி இதுதான்.

ஆனாலும் வெளியிலிருந்து வரும் சோதனை தேவையற்றுப் போய்விடவில்லை. உடலைத் தொடாமலே கைகளால் ஆற்றல் புலத்தைச் சீராக்குவதாகச் சொல்லும் தொடுசிகிச்சைக்கு இந்தக் கோட்பாடே துணையாகக் காட்டப்பட்டது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், இதைச் செய்துவந்த 21 பேர் கண்ணால் பாராமல், தம் எந்தக் கையருகே இன்னொருவரின் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. 280 முயற்சிகளில் 123 மட்டுமே சரி. குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும். புலத்தை உணர முடியும் என்பது சோதிக்கத்தக்க கூற்று; அதற்குப் பரிசோதனைதான் பொருத்தமான முறை. துயரத்தில் இருப்பவருக்கு வாழ்க்கை எப்படித் தோன்றுகிறது என்ற கேள்விக்கு எந்தப் பரிசோதனையும் விடை தராது. அங்கே உரையாடலே வழி. பாரெட்டின் அளவுகோலும் கௌலிங்கின் சித்திரங்களும் இந்த மரபில் அருகருகே தொடர்வதற்கு இதுவே காரணம்.