லேசருக்கு முன் ஓர் எச்சரிக்கை

மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறிய வேண்டும், அதுவும் உடனே. போலீஸ் தேர்வு நெருங்குகிறது, அல்லது வீட்டில் வரன் பார்க்கிறார்கள். லேசர் கண் சிகிச்சைக்கு வரும் இளைஞர்கள் பலரின் அவசரம் இது. பெரும்பாலோருக்கு நினைத்தது நடந்தும் விடுகிறது.

டாக்டர்களை உறுத்துவது மீதிச் சிலர்தான். சிகிச்சை முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்து, அவர்களுடைய கார்னியா வலுவிழந்து முன்னோக்கிப் பிதுங்குகிறது. எக்டேசியா எனப்படும் இந்தக் கோளாறு முற்றினால் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

கார்னியாவின் பருமனே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். லாசிக் முறையில் அதில் மெல்லிய மடல் ஒன்றைத் திறந்து, அடியிலுள்ள திசுவை லேசரால் செதுக்குகிறார்கள். ஏற்கனவே நலிந்த கார்னியா இதைத் தாங்காது. ஆனால் ஆரம்ப நலிவு லேசில் தெரிவதில்லை. வயது, பருமன், பவர் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை 2008ல் வந்தது. அதற்கும் சில கண்கள் பிடிபடவில்லை.

2018ல் வெளியான ஆய்வு ஒன்றில் இந்த வேலை செயற்கை அறிவிடம் தரப்பட்டது. லாசிக் செய்து 7 ஆண்டுகளுக்குப் பிறகும் நன்றாக இருந்த 2,980 பேர், பிற்பாடு பிதுங்கிப்போன 71 கண்கள் - இரு தரப்பின் சிகிச்சைக்கு முந்தைய அளவுகளும் கம்ப்யூட்டருக்கு ஊட்டப்பட்டன. பிறகு பரீட்சை. ஒரு கண்ணில் நோய், மறு கண் சோதனையில் நார்மல் என்றிருந்தவர்களின் அந்த 'நார்மல்' கண்களில் நூற்றுக்கு 85ஐ அது சந்தேகித்தது. மிச்சம் 15 அதன் கண்ணிலும் படவில்லை. நல்ல கண்களிலும் நூற்றுக்கு மூன்று நான்கின் மீது வீண் பழி.

இந்தியர்களுக்கு இதில் இன்னொரு கவலை. அந்தத் தகவல்கள் தென் அமெரிக்கா, அமெரிக்கா, ஐரோப்பா கிளினிக்குகளில் திரட்டியவை. கார்னியா கூம்பாகும் கெரட்டோகோனஸ் நோயோ நம்மவர்களைக் கூடுதலாகவே தாக்குகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் வெள்ளையரைவிட ஆசிய வம்சாவளியினரிடம் அது நான்கு மடங்கு என்று 2000ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியக் கண்களைப் பார்த்துப் பழகாத கம்ப்யூட்டரை இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா என்பதெல்லாம் மெஷின் எடுக்கும் படத்தில் வராது. டாக்டர்தான் கேட்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். லேசர் கூடாது என்றானால், கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் வழி சிலருக்கு உண்டு. மற்றவர்களுக்குப் பழைய கண்ணாடிதான்.