ஒரு கணினியில் ஓடும் மெக்ரோ இன்னொன்றில் நிற்பது ஏன்?

இடம்பெயர்ந்தோர் சங்கமொன்றின் எக்செல் கோப்பில் 300 குடும்பங்களின் காணி விவரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் மெக்ரோ ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேர்டில் தனிக் கடிதம் தயாரித்துவிடும். அதை எழுதிக்கொடுத்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். கடிதங்களைப் பிரதேச செயலகத்தில் கையளிக்கவேண்டிய நாளில், நூலகத்தைக் காணவில்லை என்று கணினி சொல்கிறது.

எக்செல்லிலிருந்து வேர்டை இயக்க, வேர்டின் கட்டளைகள் அடங்கிய நூலகம் வேண்டும். ஓல்ட் விசையுடன் எஃப்11ஐ அழுத்தி, டூல்ஸ் பட்டியலில் ரெஃபரன்சஸைத் திறந்தால் அதன் இலக்கம் தெரியும். ஒஃபிஸ் 2010இற்கு 14.0, 2013இற்கு 15.0, 2016இற்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் 16.0. பழைய இலக்கத்தைப் புதிய ஒஃபிஸ் தானாகவே உயர்த்திக்கொள்ளும். திரும்பக் கீழே இறக்காது. யாரோ புதிய மடிக்கணினியில் ஒருமுறை திறந்து சேமித்தாலே போதும், சங்கத்தின் பழைய கணினியில் அந்த வரிக்கு முன்னால் 'மிஸ்ஸிங்' என்று விழுந்துவிடும்.

இதில் ஆளைச் சுற்றவிடும் விடயம் ஒன்று உண்டு. பிழை வேர்ட் தொடர்பான வரியிலேயே காட்டப்படும் என்றில்லை. 'லெஃப்ட்', 'டேட்' போன்ற சாதாரணச் சொற்களில் வந்து நிற்கும். பலர் அந்த வரியையே மாற்றி மாற்றி எழுதிக் களைத்துப்போகிறார்கள். முதலில் பார்க்கவேண்டிய இடம் ரெஃபரன்சஸ்தான்.

அங்கே 14.0ஐத் தெரிவுசெய்தால் அன்றைய வேலை முடியும். அடுத்த முறை அதே கதைதான். நிலையான வழி, வேர்ட் நூலகத்துக்கான குறியை எடுத்துவிட்டு, மாறிகளை வெறும் 'ஒப்ஜெக்ட்' என அறிவித்து, 'கிரியேட்ஒப்ஜெக்ட்' கட்டளையால் வேர்டை அழைப்பது. அந்தக் கணினியில் எந்த வேர்ட் இருக்கிறதோ அது திறக்கும்.

ஆனால் நூலகம் போனால் அதன் மாறிலிப் பெயர்களும் போய்விடும். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் 'டபிள்யூடிஃபோர்மற்பிடிஎஃப்' என்ற பெயருக்குப் பதிலாக 17 என்று இலக்கமாகவே எழுதவேண்டும். எழுதாவிட்டால், அந்தப் பெயரை எக்செல் வெற்று மாறியாக எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி வராது. கோப்பின் பெயரில் பிடிஎஃப் இருக்கும், உள்ளே இருப்பதோ வேர்ட் ஆவணம். 300 கடிதங்களும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒன்றும் திறக்காது. மெக்ரோ நின்றுபோவதைவிட இது மோசம். நிரலின் முதல் வரியில் 'ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிற்' என்று எழுதிவைத்தால், இப்படி அறிவிக்கப்படாத பெயர் எதுவானாலும் ஓடுவதற்கு முன்பே பிடிபடும்.

இத்தனையும் கோப்பின் பிரதியொன்றிலேயே செய்யுங்கள். முடிந்ததும் இருப்பவற்றில் மிகப் பழைய கணினியில் இரண்டு கடிதங்களை மட்டும் தயாரித்து, திறந்து பாருங்கள்.