துணுக்கின் பூர்வீகம்: பிலிப் என்றொரு பொறி

பாப்பாய் தின்ற கீரையில் இரும்புச்சத்து எவ்வளவு, தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்தது யார் என்ற வழக்கைப் போன வாரம் பாதியில் நிறுத்தியிருந்தோம். மீதி இந்த வாரம் என்று சொன்னேன். வராது. கீரைக்கு ஆதாரம் தேடப் போன இடத்தில் வேறொன்று அகப்பட்டுவிட்டது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கீரையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யுனெஸ்கோ நம் தேசிய கீதத்துக்கு விருது கொடுத்ததா என்று இன்னமும் கடிதம் போடுகிறவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இதுவரை நாம் பூர்வீகம் தேடிப் போன பொய்த் துணுக்குகள் எல்லாம் தெரியாமல் பிறந்தவை. ஒருவர் தப்பாகப் படித்திருப்பார், இன்னொருவர் ஊதிப் பெருக்கியிருப்பார், மூன்றாமவர் பக்கம் நிரப்ப எடுத்துப் போட்டிருப்பார். இந்த வாரத்துச் சரக்கு அந்த ரகமே இல்லை. ஒருவர் உட்கார்ந்து யோசித்து, பொய் என்று தெரிந்தே அச்சில் ஏற்றியது. யாரையும் ஏமாற்ற அல்ல, திருடனைப் பிடிக்க.

அவர் பெயர் ஃப்ரெட் வொர்த். அமெரிக்கர். 1974இல் ‘தி ட்ரிவியா என்சைக்ளோபீடியா’ என்று ஒரு புத்தகம் போட்டார். துணுக்குகளுக்கென்றே அகரவரிசையில் ஒரு களஞ்சியம். சினிமாவில் வந்த நாயின் பெயர், டிவி தொடரில் வந்த வீட்டின் விலாசம், பாடகரின் இயற்பெயர் என்று யாருக்கும் எதற்கும் உதவாத தகவல்களைச் சலிக்காமல் சேர்த்திருந்தார். என் ஜாதி.

இப்படிப்பட்ட புத்தகம் எழுதுகிறவனுக்கு ஒரு பயம் உண்டு. ராத்திரி பகலாகத் தேடிச் சேர்த்ததை நாளைக்கே ஒருவர் வாரிக்கொண்டு போய்த் தன் பெயரில் போட்டால் என்ன செய்வது? கதையைத் திருடினால் காட்டிக்கொடுக்க வரிகள் இருக்கும். தகவலைத் திருடினால்? எவரெஸ்டின் உயரம் என் புத்தகத்திலும் அதேதான், அவன் புத்தகத்திலும் அதேதான். “நானும் தேடிக் கண்டுபிடித்தேன்” என்று அவன் சொன்னால் மறுக்க என்ன இருக்கிறது? சரியான தகவலில் யாருடைய கைரேகையும் பதியாது. பிழையில்தான் பதியும். பரீட்சைத் தாளில் இரண்டு பையன்கள் சரியாக எழுதிய விடையை வைத்து வாத்தியார் எதையும் பிடிக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாக எழுதிய விடையைப் பார்த்ததும் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கும் இது பழகிய வேலைதான். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே அடி விட்டுப்போயிருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்.

வொர்த் இதைத் தலைகீழாகச் செய்தார். பிழை தானாக வரும் வரை காத்திராமல் ஒன்றைத் தானே செய்து உள்ளே வைத்தார். டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று எழுதினார்.

கொலம்போவைத் தெரியாத இளம் வாசகர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் போக மாட்டீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் லெப்டினன்ட். பீட்டர் ஃபாக் நடித்தது. 1968இல் ஒரு டிவி படமாகத் தலைகாட்டி, 1971 முதல் தொடராக வந்தது. தொடராக ஆரம்பித்த வருஷத்தில் ஒரு கதையை இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற பொடியன். கசங்கிய மழைக்கோட்டு, அணையப் போகிற சுருட்டு, கடகடவென்ற பழைய பெஜோ கார். நம் தூர்தர்ஷனில் காரட் கடித்துக்கொண்டே துப்பறிந்த கரம்சந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் அவரைவிட அழுக்கு. கொலை செய்தது யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். கொலம்போ அவரை எப்படி மடக்குகிறார் என்பதுதான் கதை. பெரும்பாலும் எப்படி மடக்குவார் என்றால், இல்லாத சாட்சியை இருப்பதுபோலக் காட்டி, கொலைகாரனை அதை நம்பவைத்து, அவனாகவே வந்து விழும்படி செய்வார். வொர்த் தன் பொறிக்கு இந்த ஆளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பொறி வைக்க இடமும் தோதானது. அந்தத் தொடரில் கொலம்போவை யாரும் முதல் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும் அவருக்கு ஒரு முதல் பெயர் வைக்கவே இல்லை. அவர் வளர்த்த நாய்க்கும் அதே கதி, அதன் பெயர் ‘நாய்’. ஆகவே பிலிப் என்று எங்கேயாவது அச்சானால் அது வொர்த்தின் பேனாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. ஐந்து வருஷம் போயிற்று.

கனடாவில், மான்ட்ரியலில், இரண்டு பத்திரிகைக்காரர்கள். கிறிஸ் ஹானி ஒரு நாளிதழில் படப் பிரிவு ஆசிரியர்; ஸ்காட் அபட் செய்தி நிறுவனம் ஒன்றில் விளையாட்டுச் செய்தி ஆசிரியர். 1979 டிசம்பரில் ஒரு நாள் ஸ்க்ராபிள் ஆட உட்கார்ந்தால் எழுத்துக் கட்டைகள் குறைகின்றன. நாமே ஒரு ஆட்டம் கண்டுபிடித்தால் என்ன என்று பேச்சு வந்தது. இது அவர்கள் சொல்லிச் சொல்லிப் பிரபலமான கதை. பிறந்த ஆட்டத்தின் பெயர் ‘ட்ரிவியல் பர்சூட்’. ஆயிரம் அட்டைகள், அட்டைக்கு ஆறு கேள்விகள், ஆக 6,000 கேள்விகள். பதில் சொன்னால் சக்கரத்தில் ஒரு துண்டு. அமெரிக்காவில் அதை விற்க முன்வந்த கம்பெனி செல்சோ அண்டு ரைட்டர். அமெரிக்காவில் ஸ்க்ராபிள் விற்றுக்கொண்டிருந்த அதே கம்பெனி! கட்டை தொலைந்ததால் பிறந்த ஆட்டம் கட்டை விற்றவனிடமே போய்ச் சேர்ந்தது. 1984 என்ற ஒரே வருஷத்தில் சுமார் 2 கோடி பெட்டிகள் போயின. நம் ஊர் அச்சுக்கூடங்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த 6,000 கேள்விகளில் ஒன்று, கொலம்போவின் முதல் பெயர் என்ன?

பதில்: பிலிப்.

வொர்த்துக்கு எப்படி இருந்திருக்கும்! பத்து வருஷத்துக்கு முன்னால் புதைத்து வைத்த கண்ணிவெடியில் ஒருவன் கால் வைத்துவிட்டான், அதுவும் நாட்டிலேயே அந்த நேரத்துப் பெரிய பணக்கார ஆட்டம். 1984இலேயே வழக்குப் போட்டார். கேட்ட நஷ்ட ஈடு 30 கோடி டாலர். தன் புத்தகங்களிலிருந்து ஏராளமான கேள்விகளை உருவியிருக்கிறார்கள், அச்சுப் பிழைகளைக்கூட விடாமல் எடுத்திருக்கிறார்கள் என்பது வாதம். பிலிப் கையில் இருக்கும்போது வேறு சாட்சி எதற்கு?

இங்கேதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத திருப்பம். எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. ஆமாம், உங்கள் புத்தகத்தைப் பார்த்தோம், எடுத்தோம் என்றார்கள். உங்களுடையதோடு வேறு புத்தகங்களையும் பார்த்தோம். கேள்வி தயாரிக்கிறவன் புத்தகம் பார்க்காமல் வேறென்ன பார்ப்பான்? தகவலைப் புத்தகத்திலிருந்து எடுப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி, திருட்டு இல்லை.

பொறியில் அகப்பட்டவன் திமிறாமல், “ஆமாம், வந்தேன், அதனால் என்ன?” என்று கேட்டால் பொறிக்கு என்ன வேலை இருக்கிறது? வொர்த் பத்து வருஷம் காத்திருந்து நிரூபித்தது, யாரும் மறுக்காத ஒன்றை. கொலம்போ கதைகளில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. அங்கே மாட்டிக்கொண்ட கொலைகாரன் தலை குனிந்து ஜீப்பில் ஏறிவிடுவான்.

நீதிமன்றம் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றது. 1987இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. காப்புரிமை ஒருவர் எழுதிய விதத்துக்கு உண்டு, தகவலுக்கு இல்லை. வொர்த்தின் புத்தகம் அகரவரிசை, இவர்களுடையது அட்டையில் கலைத்துப் போட்ட கேள்விகள். அடுக்கிய விதமும் வேறு, சொன்ன விதமும் வேறு. 1988இல் உச்ச நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. முடிந்தது.

சரி, பிலிப் தகவல் இல்லையே, வொர்த் கற்பனை செய்ததுதானே, கற்பனைக்குக் காப்புரிமை உண்டே என்று உங்களில் ஒரு வக்கீல் எழுந்திருப்பார். நானும் அப்படித்தான் எழுந்தேன். இதே மாதிரியான வேறொரு வழக்கில் பதில் கிடைத்தது. நியூயார்க்கில் டாக்சி ஓட்டுநர்களுக்கான வழிகாட்டி போட்ட ஒரு கம்பெனி, இல்லாத தெரு ஒன்றைத் தன் பட்டியலில் பொறியாக வைத்திருந்தது. வரைபடக் கம்பெனி ஒன்று அதில் விழுந்தது. 1992இல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: உண்மை என்று சொல்லி விற்றுவிட்டு, மாட்டிக்கொண்டதும் அது என் கற்பனை என்று உரிமை கொண்டாட முடியாது. அதை அனுமதித்தால், எந்தத் தகவலை எடுத்தாலும் அதில் எவனாவது புதைத்த பொய் இருக்குமோ என்று பயந்து யாரும் எதையும் எடுக்க முடியாமல் போய்விடும். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. ஆனால் டாக்சி ஓட்டுநர் கையிலிருக்கும் புத்தகத்தில் போய் இல்லாத தெருவை வைத்தவரின் மனசை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. மீட்டர் ஓடிக்கொண்டிருக்குமே!

நடுவில் 1991இல் கான்சாஸ் மாநிலத்து டெலிபோன் டைரக்டரி வழக்கும் உண்டு. ஒரு சிறிய டெலிபோன் கம்பெனி, தன் டைரக்டரியில் நான்கு பொய்ப் பெயர்களைச் சேர்த்து வைத்தது. ஃபீஸ்ட் என்ற நிறுவனம் தன் பெரிய டைரக்டரிக்கு அதிலிருந்து எடுத்தபோது நான்கும் கூடவே ஏறிக்கொண்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நெற்றி வியர்வை சிந்திச் சேர்த்தேன் என்பது காப்புரிமைக்குப் போதாது, கொஞ்சமாவது சொந்தப் படைப்பு இருக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயும் எடுத்தவரையே விட்டுவிட்டார்கள். பொறிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன, எலிதான் விடுதலை ஆகிவிடுகிறது.

வொர்த் தோற்றார். ஆனால் பிலிப் தோற்கவில்லை. வழக்கு முடிந்ததும் பொறியை யாராவது கழற்றி வைத்தார்களா? 2 கோடி பெட்டிகள் வீடுவீடாகப் போயாயிற்று. அதில் படித்தவர் விருந்தில் சொன்னார், கேட்டவர் எழுதினார். இன்றைக்கும் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களை மறுக்க வருகிற கோஷ்டி இன்னும் சுவாரஸ்யம். பிலிப் பொய், அசல் பெயர் ஃப்ராங்க் என்பார்கள். 1971இல் வந்த ‘டெட் வெயிட்’ கதையில் கொலம்போ தன் அடையாள அட்டையைக் காட்டுகிறார். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால் ‘ஃப்ராங்க் கொலம்போ’ என்ற கையெழுத்து தெரியும். 1971இல் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தவர் எதை நிறுத்துவார், எதைப் பெரிதாக்குவார்? அந்த அட்டை யாரும் படிப்பதற்காகச் செய்ததே இல்லை. கையெழுத்து என்று ஒன்று இருக்க வேண்டுமே என்று செட்டில் யாரோ கிறுக்கியது. லெவின்சனும் லிங்க்கும் பெயரே வைக்காத ஆளுக்கு, செட் சாமான் செய்தவர் வைத்த பெயர் எப்படி அசல் ஆகும்? பிலிப் ஒருவர் வேண்டுமென்றே எழுதியது, ஃப்ராங்க் ஒருவர் யோசிக்காமல் எழுதியது. இல்லாத மனிதனின் இல்லாத பெயரில் எது உண்மை என்று அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே மார்க்.

கொலம்போவின் மனைவி சமாசாரத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. “என் மனைவி சொல்லுவாள்” என்று வாய்க்கு வாய் சொல்வாரே தவிர, அந்தத் தொடரில் அந்த அம்மாளை நாம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. 1979இல் அந்த அம்மாளை வைத்தே தனித் தொடர் எடுத்தார்கள், கேட் முல்க்ரூ நடித்தது. அதில் அவளுக்கு முதல் பெயர் கொடுத்தார்கள், கேட்! தலைகாட்டாத மனைவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, தொடர் முழுக்க வந்த புருஷனுக்கு இல்லை.

துணுக்கு ஆட்டம் பார்த்த கோர்ட்டு இதோடு நிற்கவில்லை. கனடாவில் ஒருவர், 1979இல் தான் லிஃப்ட் கேட்டு ஏறிய காரை ஓட்டியவர் ஹானிதான், போகிற வழியில் ஆட்டத்தின் யோசனையை அவரிடம் சொன்னதே நான்தான் என்று வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் நடத்தினார். 2007இல் தள்ளுபடி. அவர் கையில் ஒரு பிலிப்கூட இல்லை.

கலைக்களஞ்சியக்காரர்களும் இந்த விளையாட்டில் சளைத்தவர்கள் இல்லை. 1975இல் வந்த ‘நியூ கொலம்பியா என்சைக்ளோபீடியா’வில் லில்லியன் வர்ஜீனியா மவுன்ட்வீசல் என்ற பெண்மணி இருக்கிறார். நீரூற்று வடிவமைத்தவர், பிறகு புகைப்படக் கலைஞர். கிராமத்துத் தபால் பெட்டிகளைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். எரிபொருட்கள் பற்றிய பத்திரிகை ஒன்றுக்காகப் போன இடத்தில் வெடிவிபத்தில் செத்தார். பிறந்ததே இல்லை என்பதுதான் விஷயம். வொர்த் ஒரே ஒரு பெயரோடு நிறுத்திக்கொண்டார்; இவர்கள் ஆளைப் பிறக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கொன்றும் விட்டார்கள். கொஞ்சம் ஓவர்.

வரைபடக்காரர்கள் கதைதான் இந்த வகையில் மகுடம். இடம் போதாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், ஆகவே தலைப்பகுதி மட்டும். 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற கம்பெனியின் ஆட்டோ லிண்ட்பெர்க்கும் அவர் உதவியாளர் எர்னஸ்ட் ஆல்பர்ஸும் தங்கள் இனிஷியல்களைக் கலைத்துச் சேர்த்து ‘ஆக்லோ’ என்று ஒரு ஊர் செய்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கம், மண்சாலைகள் சந்திக்கும் ஒரு வெற்றிடத்தில் அதை அச்சடித்தார்கள். வருஷங்கள் கழித்து, போட்டிக் கம்பெனியான ராண்ட் மெக்நாலியின் வரைபடத்தில் அதே இடத்தில் ஆக்லோ. மாட்டினான் என்று இவர்கள் எழுந்தார்கள். நாங்கள் யாரையும் பார்த்து எழுதவில்லை, அங்கே ‘ஆக்லோ ஜெனரல் ஸ்டோர்’ என்று பலகை மாட்டிய கடை இருக்கிறது என்றது ராண்ட் மெக்நாலி தரப்பு.

கடை இருக்கத்தான் செய்தது. அதைக் கட்டியவருக்கு அந்தப் பெயரை யார் சொன்னது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)