பித்தப்பை ஆபரேஷன்: சின்ன ஓட்டைதானே என்று இருந்துவிடாதீர்கள்



ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தால், பெரும்பாலும் ஓரிரு நாளில் அனுப்பிவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள், "கத்தியே வைக்கலியாம், நாலு ஓட்டைதானாம். இதுக்குப் போயி படுத்துக் கெடக்கிறியா?" என்கிறார்கள். இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது.

முன்பு வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழிப்பார்கள். 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். 1990-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா செய்தார். இன்று சிங்கப்பூரிலும் இதுவே வழக்கம். புண் சீழ் பிடிப்பது பழைய முறையைவிட இதில் குறைவு. நூறு பேரில் ஓரிருவருக்கு, சில இடங்களில் இன்னும் சிலருக்கு வரும். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?

வந்தால் பெரும்பாலும் தொப்புள் துளையில்தான் வரும். பையை அந்த வழியாகத்தான் வழக்கமாக வெளியே இழுக்கிறார்கள். உள்ளே சீழோ பித்தநீரோ இருந்தால் அங்கே பட வாய்ப்புண்டு. தொப்புள் குழியில் அழுக்கும் வேர்வையும் தங்கும். போதாததற்கு பெல்ட்டும் கைலி முடிச்சும் சரியாக அதன்மேல்தான் உட்காரும்! இனிப்பு நீர் உள்ளவர்களும் சிகரெட் பிடிப்பவர்களும் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. சீழ் பிடிப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் தெரியாது. ஐந்தாம் நாள், பத்தாம் நாள் என்று வீட்டிலோ தொழிலாளர் விடுதியிலோதான் தெரியும். அங்கே நர்ஸ் இல்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் நனைக்காதீர்கள். பிறகு எப்போது குளிக்கலாம் என்று டாக்டர் சொன்னபடி நடங்கள். கை கழுவாமல் கட்டைத் தொடாதீர்கள். தேக்காவில் கூட்டாளி வாங்கித் தந்த எண்ணெய், ஊர் மஞ்சள், விபூதி எதுவும் புண்மேல் வேண்டாம். விபூதி நெற்றிக்குப் போதும்.

தோள்பட்டை வலித்தால் பயப்படாதீர்கள். வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவால் வருவது அது, சில நாளில் போய்விடும். வலி குறையாமல் நாளுக்கு நாள் கூடினால், சிவப்பு பரவினால், சூடாக வீங்கினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். கண் மஞ்சளானால், மூத்திரம் கறுத்தால், வயிறு கல்லாகி வாந்தி வந்தால் அது புண் சமாச்சாரமே இல்லை, உள்ளே கோளாறு. தேக்காவுக்கு அதிக தூரமில்லாத டான் டோக் செங் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு இரவும் பகலும் உண்டு. நடக்க முடியாவிட்டால் 995-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறிய துளை சில வாரம் கழித்து மறுபடி கட்டியாகித் தண்ணீர் கசிவதும் உண்டு. கருவிகளைச் சரியாகச் சுத்தம் செய்யாத இடத்தில் காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி ஒன்று புகுந்துவிடும். சாதாரண மாத்திரைக்கு அது அசையாது. சீழைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இவ்வளவும் தெரிந்த ஆள்கூட எட்டாம் நாளே வேலைக்கு இறங்குவது எதனால்? சம்பளம் போய்விடுமே என்றுதான். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் அந்தப் பதினான்கையும் சேர்த்து 60 நாள் வரை. (வீட்டு வேலைப் பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. இது நியாயமா என்று கேட்கத்தான் வேண்டும்.) எம்.சி. கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவியுங்கள். வேலை பெர்மிட் உள்ளவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. செலவுக்குப் பயந்து புண்ணை மறைக்காதீர்கள்.

தோட்டத்துக்கு வந்து ஓய்வெடுப்பவர்கள் டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். டிரஸ்ஸரோ கிளினிக் டாக்டரோ முதலில் கேட்பது அதைத்தான்.