பள்ளி மூடியிருந்தும் நடந்த புத்தக தினம்: பிரிட்டன் செய்தது என்ன?

பிரிட்டனில் மார்ச் மாதத்தின் முதல் வியாழக்கிழமை வந்தாலே ஸ்கூல் வாசல்கள் களைகட்டும். ஹாரி பாட்டர், மட்டில்டா எனப் பிடித்த கதாபாத்திரமாக வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். டீச்சர்களும்தான்! அன்று அங்கே உலக புத்தக தினம். 2021-ல் அந்த வியாழன் மார்ச் 4. ஆனால், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இங்கிலாந்தில் எல்லா மாணவர்களுக்கும் பள்ளி திறந்தது மார்ச் 8-ல். நாலே நாள் இடைவெளி. அப்போ விழா என்ன ஆச்சு?

புத்தக தினம் ஏப்ரல் 23 இல்லையா?

யுனெஸ்கோ 1995-ல் அறிவித்தது ஏப்ரல் 23-ஐத்தான். ஆனால், அது ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வரும். அந்த நாளில் பிள்ளைகள் பள்ளியில் இருக்கணும் என்பதற்காகவே பிரிட்டனும் அயர்லாந்தும் மார்ச்சுக்கு மாறின. 2021-ல் அந்தக் கணக்கும் பொய்த்துப்போனது.

வீட்டிலிருந்தே எப்படிக் கொண்டாடினார்கள்?

கேமரா முன்னால் வேஷம் போட்டார்கள். உருளைக்கிழங்குக்குக் கண், தொப்பி ஒட்டிக் கதாபாத்திரம் ஆக்கினார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு டீச்சர்கள் கதை வாசிக்க, ‘இது யார் குரல்?’ என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். செலவே இல்லை. சொல்லப்போனால், காசு கொடுத்து காஸ்ட்யூம் வாங்கும் டென்ஷன் பல பெற்றோருக்கு அந்த வருஷம் மிச்சம்.

ஆன்லைனில் கதை வாசிப்பதில் என்ன சிக்கல்?

காப்புரிமை! வகுப்பறையில் டீச்சர் சத்தமாக வாசிப்பதை யாரும் தடுப்பதில்லை. அதையே வீடியோவாகப் பதிவுசெய்து இணையத்தில் போட்டால், எழுத்தாளர், பதிப்பாளரின் அனுமதி தேவைப்படும். இதை உணர்ந்துதான், 2020 மார்ச்சிலேயே ஹாரி பாட்டர் கதைகளை வாசித்துப் பதிவுசெய்ய ஆசிரியர்களுக்கு ஜே.கே.ரௌலிங் அனுமதி கொடுத்தார். ஒரு முக்கிய நிபந்தனை: வீடியோ பள்ளியின் பாதுகாப்பான இணைய வசதிக்குள் மட்டும் இருக்கணும்.

புத்தகம் கைக்கு வந்ததா?

இங்கேதான் உண்மையான சிக்கல். இந்த விழாவின் உயிரே ஒரு பவுண்டு டோக்கன்தான். அதைப் பள்ளியில் வாங்கி, கடையில் கொடுத்தால் அதற்கென்றே அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகம் இலவசம். வசதி குறைந்த சில பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சொந்தப் புத்தகம். 2021 மார்ச் 4-ல் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை, புத்தகக் கடையும் இல்லை. இங்கிலாந்தில் கடைகள் திறந்ததே ஏப்ரல் 12-ல். மளிகைக்காகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டுகள் ஓரளவு கைகொடுத்தன. முன்னதாக ஜனவரியில், ‘ஓக் நேஷனல் அகாடமி’ இணையவழிப் பள்ளி நூலகம் தொடங்கி, வாரம் ஒரு புத்தகத்தை இலவசமாகப் படிக்கத் தந்தது. ஆனால், அதற்கும் ஒரு ஸ்கிரீன் வேணுமே! ஒரே போனை மூணு பேர் பகிரும் வீட்டில், ஆன்லைன் பாடத்துக்கே வரிசையில் நிற்கணும்.

நமக்கு என்ன பாடம்?

கொண்டாட்டத்தை ஸ்கிரீனுக்கு மாற்றுவது சுலபம். புத்தகத்தைக் கையில் சேர்ப்பதுதான் கஷ்டம். மழை விடுமுறையோ தொற்றோ, அடுத்த முறை பள்ளி மூடினால், லிங்க் அனுப்பும் முன் நூலகப் புத்தகம் ரெண்டு பையில் போகட்டும். ஊரில் இருக்கும் அக்கா பையனுக்கு, அண்ணன் பொண்ணுக்கு நீங்களும் ஒரு கதையை வாசித்து வாய்ஸ் நோட் அனுப்பலாம். கூடவே அந்தப் புத்தகத்தையும் கூரியர் பண்ணிடுங்க!