பளபளா மஞ்சளா? உஷாருங்ணா!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா பாஸ்? உப்புக் கரைசல்ல பொட்டாசியம் குரோமேட்டை விட்டதும் தகதகன்னு மஞ்சளா படியுமே... 'லெட் கன்ஃபர்ம்டு'னு ரெக்கார்டுல எழுதிட்டு டீ குடிக்க ஓடினோமே... அந்த மஞ்சள் வண்டலோட பேரு லெட் குரோமேட். பெயின்ட்டுக்குக் கலர் கொடுக்கிற சரக்கு. அதே சரக்கு சாம்பார்ல இருந்தா?

மஞ்சள் கிழங்கை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டுவார்கள். மேல்தோல் உரிந்து பளிச்சென்று ஆகும். அதுதான் பாலிஷ். கிழங்கு மங்கலாக இருந்தால் விலை போகாதே... அங்கேதான் வில்லங்கம்! டிரம்முக்குள் லெட் குரோமேட்டைத் தூவினால் வத்தல் கிழங்குகூட ஜொலிக்கும். பங்களாதேஷில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் போன கிழங்கைத் தேற்றத்தான் இந்த டெக்னிக் ஆரம்பித்தது. ஆனால், ஈயத்தில் 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பதம் பார்த்துவிடும்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் என 23 நகரங்களில் எடுத்த 356 சாம்பிள்களின் ரிசல்ட் 2024-ல் வெளியானது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு கிராம் மஞ்சளில் 10 மைக்ரோகிராம் ஈயம்தான் உச்சவரம்பு. பாட்னாவில் சிக்கிய சாம்பிளில் 2,000-க்கும் மேல்! அதிகமாக மாட்டியது பாலிஷ் போட்ட கிழங்கு. பாக்கெட் தூளில் குறைவு.

திருத்த முடியாதானு கேட்கறீங்களா? பங்களாதேஷ் செஞ்சு காட்டிடுச்சுங்க. 2019-ல் எக்ஸ்ரே துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மார்க்கெட்டுக்கே தூக்கிட்டுப் போய், ஆன் தி ஸ்பாட் டெஸ்ட், அபராதம். சந்தையில் 47 சதவிகிதமாக இருந்த கலப்பட மஞ்சள், 2021-ல் பூஜ்யம்!

பீளமேட்டில் ரூம் எடுத்துப் பொங்கித் தின்னும் மக்களே... 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோடு மஞ்சள் நமக்குப் பக்கத்திலேயே விளையுது. கொஞ்சம் மங்கலான கிழங்கையே கேட்டு வாங்குங்க. ஒரு டம்ளர் தண்ணியில் போட்டதுமே பளீர் மஞ்சள் பிரிஞ்சா, அது வேண்டாம். பிரியலைன்னா? ஈயமே இல்லைனு அர்த்தமில்லை. அதை லேப்தான் சொல்லணும்.

அதுக்கும் வழியிருக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. யார் வேணும்னாலும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் டெஸ்ட் பண்ணலாம். கலப்படம்னு தெரிஞ்சா கட்டின பணம் ரிட்டர்ன். ஒரே கண்டிஷன், 'டெஸ்ட்டுக்குத்தான் வாங்குறேன்'னு வாங்கும்போதே கடையில் சொல்லிடணும். அண்ணாச்சி முறைப்பார். முறைச்சுட்டுப் போகட்டுமுங்க!